என் மகள் கண்ணடிக்கவில்லை

தலைமையாசிரியர் அவர்களே, நீங்கள் எழுதி வைத்திருப்பது பொய். ‘என் மகள் வேண்டுமென்றே சேட்டை செய்து வகுப்பைக் கெடுக்கிறாள். இனியும் செய்தால் நானே வந்து டி.சி. கேட்டு வாங்கிக்கொள்கிறேன்’ என்று, நான் சொல்வதுபோல உங்கள் கையால் எழுதினீர்கள். கீழே கையெழுத்துப் போட்டவன் நான். அந்தத் தாள் உங்கள் பீரோவில் இருக்கிறது. அதில் இருக்கிற ஒரே உண்மை என் கையெழுத்துதான்.

என்ன நடந்தது என்று ஊர் அறிய முதலிலிருந்து சொல்கிறேன். என் தப்பையும் சேர்த்தே சொல்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை.

நான் வேன் ஓட்டுகிறவன். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஆள் ஏற்றிப் போவேன். அங்கிருந்து ஆளையும் கடுக்காய் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு கீழே வருவேன். என் மனைவி மக்காச்சோளக் காட்டு வேலைக்குப் போகிறாள். எங்களுக்கு ஒரே மகள். இப்போது ஆறாம் வகுப்பு.

அவளுக்கு ஏழு வயதில் கண் சிமிட்டல் ஆரம்பித்தது. எல்லாரும்தான் சிமிட்டுகிறோம். இவள் சிமிட்டுவது அப்படி இல்லை. கண்ணில் மிளகாய்த்தூள் விழுந்த மாதிரி இறுக்கி இறுக்கி மூடுவாள். சோளத் தூசி என்று என் மனைவி நினைத்தாள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டோம். இரண்டு மாதத்தில் நின்றது. நின்றதே என்று இருந்தால் மூக்கைச் சுளிக்க ஆரம்பித்தாள். அது போய்த் தோளைத் தூக்கினாள். அப்புறம் தொண்டையில் ‘ங்க்’ என்று ஒரு சத்தம். இருமல் மருந்து கொடுத்தோம். பூச்சி மருந்து கொடுத்தோம். கோயிலில் மந்திரித்துக் கறுப்புக் கயிறு கட்டினோம். ஒன்று போகும், ஒன்று வரும். சில சமயம் எல்லாம் கூட்டமாக வரும்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எழுத உட்கார்ந்தால் ஒரு வரியை நாலு தடவை அழிப்பாள். நல்ல எழுத்தாகத்தான் இருக்கும். ‘சரியா இல்லப்பா’ என்று மறுபடியும் அழிப்பாள், தாள் ஓட்டையாகிற வரைக்கும். ஒரு கணக்கைச் சொல்லிக் கொடுத்தால் பாதியில் எங்கேயோ போய்விடுவாள். பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்ததும் காரணமே இல்லாமல் கத்துவாள். தட்டை வீசுவாள். அவள் அம்மாவின் கையைக் கடித்திருக்கிறாள், அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தப் பல் வரிசையைப் பார்த்துவிட்டு நான் அவளை அறைந்தேன். ஒரு தடவை இல்லை. பல தடவை.

கண் சிமிட்டலும் கணக்கில் பாதியில் தொலைவதும் தட்டை வீசுவதும் எங்களுக்கு மூன்று தனித்தனிப் பிரச்சினை. மூன்றுக்கும் வேர் ஒன்றாக இருக்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

இனி என் தப்பு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை வேனில் கூட்டிப்போவேன். முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு கண்டக்டர் வேலை பார்ப்பாள். எந்த ஊர் ஆள் எங்கே இறங்கும் என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒருநாள் கோமுகி அணையைத் தாண்டும்போது ஒரு போட்டி வைத்தேன். மலை அடிவாரத்திலிருந்து வெள்ளிமலை வரைக்கும் ஒரு தடவைகூட அப்படிக் கண்ணை இறுக்கிச் சிமிட்டக் கூடாது, அந்தத் தொண்டைச் சத்தமும் போடக் கூடாது. சரியாகச் செய்தால், இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஹார்ன் அவள்தான் அடிக்கலாம்.

அவளுக்கு அந்த ஹார்ன் மீது அப்படி ஒரு ஆசை. வண்டியில் இருந்த எல்லாரும் போட்டியில் சேர்ந்துகொண்டார்கள். அவள் முகத்தையே பார்த்தார்கள். கடுக்காய் விற்றுவிட்டு வெறும் சாக்கோடு மலை ஏறிய ஒருவர், வளைவுக்கு வளைவு, “டிரைவரு, பாப்பா இன்னும் தோக்கல” என்று அறிவிப்பு மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். என் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, நேராக ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

ஜெயித்தாள். அடுத்த ஞாயிறும் ஜெயித்தாள். அதற்கடுத்த ஞாயிறும். நான் பார்க்கிற ஆளிடமெல்லாம் பெருமை அடித்தேன். மருந்து தேவையில்லை, கயிறு தேவையில்லை, நான் ஒரு ஹார்னை வைத்து என் மகளைச் சரிபண்ணிவிட்டேன் என்று டீக்கடையில் நின்று பேசினேன்.

நான் பார்க்காமல் விட்டது ஒன்று. வெள்ளிமலையில் வண்டி நின்றதும் அவள் இறங்கி வேனுக்குப் பின்பக்கம் ஓடுவாள். அங்கே நின்று கண், மூக்கு, தோள், கழுத்து, தொண்டை என்று அத்தனையையும் ஒரேயடியாகக் கொட்டுவாள். பத்து நிமிஷம் ஆகும். நான் அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். கீழே வரும்போது ஹார்ன் அடித்துவிட்டு, பக்கத்து சீட்டில் பலாச்சுளை கொடுத்த ஒரு அம்மாவிடமே சண்டை போடுவாள். திமிர் என்று நினைத்தேன்.

இந்த ஆண்டுப் பள்ளிக்கூடம் திறந்து இரண்டு மாதத்தில், சிமிட்டல் ஒரு கண்ணுக்கு மட்டும் வந்தது. வலது கண். ஒரு பெண் பிள்ளை, பதினோரு வயது, வகுப்பில் உட்கார்ந்து ஒரு கண்ணை மட்டும் சிமிட்டினால் நம் ஊரில் என்ன ஆகும்? நினைத்துப் பாருங்கள். பக்கத்து வரிசைப் பையனுடைய அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்று, அவள் என் மகனைப் பார்த்துக் கண்ணடிக்கிறாள் என்று கத்தியிருக்கிறார். வகுப்பே சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து பையன்கள் இவளைப் பார்த்தால் கண்ணடித்துக் காட்ட ஆரம்பித்தார்கள். இவளுக்கு அதைப் பார்த்ததும் இன்னும் ஜாஸ்தி ஆனது.

தலைமையாசிரியர் எனக்கு ஆள் அனுப்பினார். நான் காக்கிச் சட்டையோடு போய் நின்றேன். அவர் உட்காரச் சொல்லவில்லை.

“இன்னாப்பா டிரைவர், பொண்ண இப்டியா வளக்கறது? இந்த வயசுலயே கண்ணடிக்குது. ஏழாவது எட்டாவது வந்தா இன்னா செய்யும்?”

எனக்கு மானம் போகிறது என்ற ஒரு நினைப்புத் தவிர வேறெதுவும் மண்டையில் இல்லை. அந்த நேரத்தில்தான் நான் என் வாயால் என் மகளைக் குழியில் தள்ளினேன்.

“சார், அது சும்மா பழக்கம் சார். அடக்கணும்னா அடக்கிடுவா. மல ஏறி முடிக்கிற வரைக்கும் ஒரு தபா கூட செய்ய மாட்டா. நானே பழக்கி வச்சிருக்கேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “அப்ப அடக்க முடியும்?”

“முடியும் சார்.”

“அப்ப கிளாஸ்ல செய்யறது வேணும்னுதானே?”

அவர் வெள்ளைத்தாளை எடுத்து எழுதினார். இனிமேல் செய்தால் டி.சி.தான் என்று வாயால் சொன்னார், எழுதியதை எனக்குப் படித்துக் காட்டவில்லை. நானும் படிக்கவில்லை. வெளியே ஆட்கள் வேனில் காத்திருக்கிறார்கள் என்ற அவசரத்தில் கையெழுத்துப் போட்டேன். நம்மைப்போல ஆட்களுக்கு ஆபீசில் ஒரு தாளை நீட்டினால் கை தானாகப் போய்விடும். படித்துவிட்டுப் போடுகிறேன் என்று சொன்னால் அது மரியாதைக் குறைச்சல் என்று எவனோ எங்கள் மண்டையில் ஏற்றி வைத்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். வேனில் அடக்குகிற மாதிரி பள்ளிக்கூடத்திலும் அடக்கு. இல்லையென்றால் டி.சி. கொடுத்துவிடுவார்கள். அவள் சரி என்றாள். அடக்கினாள்.

அடுத்த இரண்டு மாதம் என் வீடு வீடாக இல்லை. வகுப்பில் சத்தம் இல்லை, சிமிட்டல் கம்மி. தலைமையாசிரியருக்குச் சந்தோஷம். ஆனால் அவள் நோட்டில் ஒன்றுமே இல்லை. டிக்டேஷனில் மூன்றாவது வார்த்தையோடு நின்றிருப்பாள். கணக்குப் பரீட்சையில் நூற்றுக்குப் பத்தொன்பது. சாயங்காலம் வாசலில் பையைப் போட்டதும் ஆரம்பிக்கும். கழுத்து ஒடிந்துவிடுமோ என்று பயப்படுகிற மாதிரி வெட்டும். கத்தல், கடி, தட்டு. ஒருநாள் புத்தகத்தைக் கிழித்துவிட்டு, கிழித்ததைப் பார்த்து அவளே அழுதாள். நாங்கள் அடித்தோம். அவள் அடக்கினாள். இதுதான் தினமும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை இப்போது எழுதும்போதுகூட எனக்கு உட்கார முடியவில்லை, எழுந்து நடந்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

காலை பத்து மணி இருக்கும். மலை ஏறிக்கொண்டிருந்தோம். மேலே ஒரு வளைவில் மரவள்ளிக்கிழங்கு லாரியும் பஸ்ஸும் எதிரெதிரே வந்து சிக்கிக்கொண்டன. எங்களுக்கு முன்னால் ஏழெட்டு வண்டி. நகரும், நிற்கும். ஓர் அடி, இரண்டு அடி. ஒவ்வொரு தடவையும் ஹேண்ட் பிரேக் போட்டு எடுக்கச் சோம்பல்பட்டு நான் வண்டியை அரை கிளட்சில் நிறுத்தி வைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் நாற்றம் வந்தது. கருகும் ரப்பர் மாதிரி, எரிகிற மாதிரி.

“ப்பா, இன்னா நாத்தம் இது?”

“கிளட்ச் பிளேட்டும்மா. வண்டி முன்னாலயும் போவக்கூடாது, பின்னாலயும் உருளக்கூடாதுன்னு புட்ச்சிகினு இருக்கேன் இல்ல. அது காயுது.”

“வண்டி சும்மா நின்னுகினுதான இருக்குது?”

“பாக்கறவனுக்குத்தான் நிக்குது. உள்ள தேஞ்சிகினு இருக்குது.”

அன்றைக்கும் போட்டி நடந்துகொண்டிருந்தது. இரண்டு கையும் தொடைக்கு அடியில்தான் இருந்தன. அப்புறம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“எனக்கும் அப்டித்தாம்பா. கிளாஸ்ல புட்ச்சிகினு இருக்க சொல்ல டீச்சர் சொல்றது ஒண்ணும் காதுல வுழாது. இப்ப வந்துடும், இப்ப வந்துடும்னு அதயே புட்ச்சிகினு இருப்பேன். வூட்டுக்கு வந்தா உட்ருவேன்.”

நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். இறங்கி டயருக்குக் கல் வைத்தேன். வைத்துவிட்டு அங்கேயே, மலை ரோட்டில், இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றேன். நாலு வருடமாகப் புரியாதது அந்த ஒரு நிமிஷத்தில் புரிந்தது! கணக்கு ஏன் போகவில்லை, டிக்டேஷன் ஏன் நின்றது, சாயங்காலம் தட்டு ஏன் பறக்கிறது, எல்லாம் ஒரே இடத்தில் வந்து மாட்டியது. இவள் கவனிக்காத பிள்ளை இல்லை. கவனம் மொத்தத்தையும் பிடித்து வைப்பதிலேயே செலவழிக்கிற பிள்ளை. திமிர் பிடித்த பிள்ளை இல்லை. எட்டு மணி நேரம் பிடித்துவிட்டு வீட்டில் விடுகிற பிள்ளை. அவளை அப்படிப் பிடிக்க வைத்தவன் அப்பன்காரன். முழு வண்டியையும் காவலுக்கு வைத்து, ஹார்ன் ஆசை காட்டிப் பிடிக்க வைத்தவன்.

வண்டிக்குள் தலையை விட்டு எல்லாரிடமும் சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை, கிளட்ச், பிளேட், என் மகள் என்று உளறியிருப்பேன். போட்டியை அறிவித்துக்கொண்டு வருவாரே, அந்தக் கடுக்காய்க்காரர், அன்றும் இருந்தார். அவருக்கு உடனே விளங்கியது.

“அப்ப இத்தினி நாளா நாமதான் புள்ளய காய வுட்டமா?”

“நான்தாங்க வுட்டேன்.”

“நாங்களும்தான் டிரைவரு, கூட குந்திகினு எண்ணினமே.” அவர் என் மகளைப் பார்த்தார். “பாப்பா, நீ சிமிட்டு. எவ்ளோ வேணுமோ சிமிட்டு. ஹார்னும் நீயே அடி.”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண், தோள், தொண்டை எல்லாம் செய்தாள். வண்டியில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் ஜன்னல் வழியாக லாரியைத் திட்ட ஆரம்பித்தார்கள். பிறகு நடந்ததுதான் அதிசயம். பாதி மலை ஏறுவதற்குள் அவளுக்குத் தானாகவே கம்மியானது. யாரும் அடக்கச் சொல்லவில்லை. மேலே போய் வேனுக்குப் பின்பக்கம் ஓடவும் இல்லை. இறங்கும்போது வெள்ளிமலையிலிருந்து அணை வரைக்கும் எல்லா வளைவிலும் ஹார்ன் அடித்தாள். எதிரே வந்தவனெல்லாம் என்னைத் திட்டினான். நான் கவலைப்படவில்லை.

மறுநாள் வண்டி எடுக்கவில்லை. கள்ளக்குறிச்சிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். குழந்தைகள் டாக்டர், ஒரு அம்மா. நான் கிளட்ச் கதையை ஆரம்பித்ததும் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு மகளிடம் கேட்டார்கள்.

“இது வர்றதுக்கு முன்னாடியே உனக்குத் தெரியுமாம்மா?”

“தெரியும். தும்மல் வர்ற மாரி. அந்த எடத்துல அரிக்கிற மாரி.”

“எப்போ வராது?”

“கோ-கோ ஆட சொல்ல வராது. பாட்டு பாட சொல்ல வராது. தூங்க சொல்ல கம்மி.”

“எழுதினத ஏன் அழிக்கிற?”

“சரியா இருக்குதுன்னு தோணணும். தோணாது. தோணற வரைக்கும் அழிப்பேன்.”

எந்தப் பெரிய மனுஷனும் அவளிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டதில்லை. பெற்ற நானும் கேட்டதில்லை. செய்யாதே என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டதில்லை.

டாக்டர் நிதானமாகச் சொன்னார்கள். இதற்குப் பெயர் டிக். பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லை. தும்மலை அடக்குகிற மாதிரி கொஞ்ச நேரம் அடக்கலாம், ஆனால் அடக்குவதற்கு ஒரு விலை இருக்கிறது. மனசு முழுக்க ஒன்றில் இறங்கினால் தானாகக் குறையும், பயந்தால் கூடும். விளையாடும்போது வரவில்லையே, அப்படியானால் இது நடிப்பு என்று சொல்வது தப்பு. இந்தப் பிள்ளைகள் பலருக்குக் கவனம் நிற்காமல் போவதும், சரியாக வரும் வரை திரும்பத் திரும்பச் செய்வதும், சட்டென்று கோபம் பொங்குவதும் கூடவே வரும். புத்தி கம்மி என்று அர்த்தமில்லை. வளர வளர நிறைய பேருக்குக் குறைகிறது, சிலருக்கு இருக்கும். இப்போதைக்கு மருந்து வேண்டாம், மாதம் ஒருமுறை வரட்டும், அந்த அரிப்பு வரும்போது என்ன செய்யலாம் என்று பழக்குகிறோம். வீட்டில் அடிக்காதீர்கள். கண்டும் காணாமல் இருங்கள். பள்ளிக்கூடத்தில் நடுநடுவே வெளியே போய்விட்டு வர விடச் சொல்லுங்கள், பரீட்சைக்குக் கூடுதல் நேரம் கேளுங்கள்.

இதையெல்லாம் ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்தார்கள். அதை நான் நின்று முழுசாகப் படித்தேன். இரண்டு தடவை.

வெளியே வந்து மனைவிக்குப் போன் போட்டேன். அவள் காட்டில் இருந்தாள். நான் மூச்சு விடாமல் பேசினேன். பேயும் இல்லை, திமிரும் இல்லை, நம் பிள்ளைக்குப் புத்தி இருக்கிறது, இதற்குப் பெயர் இருக்கிறது என்றேன். ஒரு வியாதிக்குப் பெயர் கிடைத்ததற்கு எவனாவது சந்தோஷப்படுவானா? நான் பட்டேன். பஸ் நிலையத்தில் நின்று மகளுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்துவிட்டு, கடைக்காரரிடம்கூடச் சொன்னேன். போனில் என் மனைவி மட்டும் இதைத்தான் கேட்டாள்.

“அப்ப நாம புள்ளய அட்ச்சதெல்லாம்?”

 

கடிதத்தோடு தலைமையாசிரியரிடம் போனேன். இந்தத் தடவை நானே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அவர் கடிதத்தின் முதல் வரியைப் படித்தார்.

“டிக்கா? டிக்டாக்கா? அதத்தான் தட பண்ணிட்டாங்களே.” பக்கத்தில் இருந்த ஆசிரியர் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. வகுப்பில் ஒரு தடவை, இரண்டு தடவை அவளை வெளியே விட்டுக் கூப்பிட்டால் போதும் சார் என்றேன். அவர் எல்லாரும் கேட்பார்கள் என்றார், இவளுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம் என்றார். கோ-கோ ஆடும்போது இவளுக்கு ஒன்றும் வருவதில்லை, நானே பார்த்திருக்கிறேன் என்றார். அதைத்தான் சார் டாக்டர் எழுதியிருக்கிறார்கள், நாலாவது வரி பாருங்கள் என்றேன். பார்க்கவில்லை. கடைசியில் பீரோவிலிருந்து அந்தப் பழைய தாளை எடுத்து எனக்குப் படித்துக் காட்டினார்.

“நீயே எழுதிக் குடுத்திருக்கப்பா, அடக்க முடியும்னு. அப்புறம் டாக்டர் சொன்னா இன்னா, யார் சொன்னா இன்னா?”

தலைமையாசிரியர் அவர்களே, முதல் தடவை உங்களுக்குத் தெரியாது. ஒத்துக்கொள்கிறேன், எனக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கடிதம் உங்கள் மேஜைக்கு வந்த பிறகு உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் மடித்து ஓரமாக வைத்தீர்கள்.

கணக்கு டீச்சர் அதை எடுத்துப் படித்திருக்கிறார். சின்ன வயது, வேலைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அவர் யாரிடமும் கேட்கவில்லை. என் மகளை அழைத்து இரண்டு விஷயம் சொன்னார். வரப்போகிறது என்று தெரிந்தால் கையைத் தூக்காமல் எழுந்து குழாயடிக்குப் போ, செய்துவிட்டு வா. ரப்பர் வேண்டாம், தப்பு என்று தோன்றினால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போ, கோட்டுக்கு நான் மார்க் குறைக்க மாட்டேன். வகுப்புப் பிள்ளைகளிடமும் சொன்னார்: உங்களுக்கு விக்கல் வந்தால் யாராவது சிரித்தார்களா, அதே மாதிரிதான் இது.

பிள்ளைகள் இரண்டே நாளில் விட்டுவிட்டார்கள். பெரியவர்கள் விடவில்லை, பிள்ளைகள் விட்டுவிட்டார்கள்!

அரையாண்டுக் கணக்குப் பரீட்சை அன்று நான் வேனைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட கேட்டுக்கு எதிரே நிறுத்திவிட்டேன். வண்டியில் ஆறு பேர் மலைக்குப் போக உட்கார்ந்திருந்தார்கள். என் மகளுக்குப் பரீட்சை, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அவர்கள் முணுமுணுத்தார்கள். அப்புறம் விஷயத்தைச் சொன்னதும் அவர்களும் இறங்கி வந்து கேட்டு ஓரம் நின்றார்கள். அங்கிருந்து குழாயடி தெரியும். முதல் தடவை அவள் வந்தாள், தோளைக் குலுக்கினாள், கழுத்தை வெட்டினாள், முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு ஓடினாள். இரண்டாவது தடவை வந்தாள். மூன்றாவது தடவை வந்தபோது என்னைப் பார்த்துவிட்டு நாலு விரலைக் காட்டினாள். எனக்கு விளங்கவில்லை. இன்னும் நாலு கணக்குதான் பாக்கி என்று பக்கத்தில் நின்ற அம்மாதான் சொன்னார். எனக்கு நெஞ்சு அடித்த அடி, மலையில் பிரேக் பிடிக்காமல் போனபோதுகூட அப்படி அடித்ததில்லை.

மணி அடித்தது. பையை ஒரு கையில் இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

“முடிச்சிட்டம்ப்பா. எல்லாத்தையும் முடிச்சிட்டேன்.”

பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவள் முடித்த முதல் பரீட்சை. அன்று வேனில் போன ஆறு பேரும் அவளோடு சேர்ந்து ஏதோ பேசிக்கொண்டே வந்தார்கள், ஒருவர் காதிலும் ஒருவர் பேசியது விழுந்திருக்காது. சாயங்காலம் வீட்டில் தட்டு பறக்கவில்லை. சோறு தின்றுவிட்டு அம்மாவின் மடியில் காலைப் போட்டுத் தூங்கிவிட்டாள். ஒரு வாரம் கழித்து டீச்சர் திருத்தினார். அறுபத்தொன்று! பத்தொன்பதிலிருந்து அறுபத்தொன்று. மீதி முப்பத்தொன்பது எங்கே என்று கேட்கிற அப்பன் இல்லை நான்.

மார்க் வந்த நாலாவது நாள் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல் இரண்டு தாள். ஒன்று என் மகளின் விடைத்தாள். அதன் குறுக்கே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. பரீட்சை நடுவில் மூன்று தடவை வெளியே போயிருக்கிறாள், அதனால் செல்லாது என்றார். வெளியே போய் யாரிடம் கேட்டு எழுதினாள் என்று கேட்டேன். குழாயிடமா? அவர் இன்னொரு தாளைத் தள்ளினார். டி.சி. கேட்டு நான் எழுதுவதுபோல ஏற்கெனவே எழுதி வைத்த விண்ணப்பம். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நீயே அன்றைக்கு ஒத்துக்கொண்டதுதானே, போட்டுவிட்டுப் போ என்றார். கணக்கு டீச்சருக்கும் மெமோ கொடுத்திருக்கிறேன் என்றார்.

இந்தத் தடவை படித்தேன். ஒரு எழுத்து விடாமல் படித்தேன். பேனாவை மூடி அவர் மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அந்தப் பழைய தாளில் ‘நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன்’ என்று ஏன் இருந்தது என்பது அப்புறம் நாலு பேரிடம் விசாரித்தபோதுதான் எனக்கு விளங்கியது. எட்டாவது முடிகிற வரைக்கும் எந்தப் பிள்ளையையும் பள்ளிக்கூடம் வெளியே அனுப்ப முடியாது, சட்டம் இருக்கிறது. பள்ளிக்கூடம் அனுப்ப முடியாது. ஆனால் அப்பன் கேட்டால் கொடுக்கலாம். அதனால் அப்பனைக் கேட்க வைக்கிறீர்கள். படிக்காமல் கையெழுத்துப் போடுகிற அப்பன்களுக்கா எங்கள் பக்கம் பஞ்சம்? எனக்கு முன்னால் இப்படி எத்தனை பேர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்களோ. அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கண் சிமிட்டியதோ, தோள் குலுங்கியதோ, எத்தனை பேர் எழுதியதையே எழுதி எழுதி அழித்தார்களோ. யாரும் கேட்கவில்லை, அதனால் யாருக்கும் தெரியாது.

என் மகள் இன்றைக்கும் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். கணக்கு டீச்சரின் வகுப்பில் மட்டும் நிம்மதியாக இருக்கிறாள். மற்ற வகுப்புகளில் மறுபடி கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாளாம். நேற்று என்னிடம் கேட்டாள், ப்பா, அடுத்த வாரமும் நான் போலாமா, இல்ல நிறுத்திடுவாங்களா என்று. எந்த அப்பனுக்கும் வரக்கூடாத கேள்வி.

வரும் வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். ஊர்ப் பெற்றோர் எல்லாரும் வருவார்கள். கண்ணடிக்கிறாள் என்று கத்திய அந்த அம்மாவும் வருவார். என் வேனில் வருகிற ஆட்களையும் நான் கூட்டி வருவேன். டாக்டர் கடிதத்தின் நகல் வருகிற ஒவ்வொருவர் கையிலும் இருக்கும். தலைமையாசிரியர் அவர்களே, உங்கள் அறைக்குள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டாம், நான் வர மாட்டேன். கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்று, மைக்கைப் பிடித்து, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். என் மகள் எழுதி முடித்த பரீட்சை செல்லுமா, செல்லாதா? திங்கட்கிழமை காலையில் அவள் அந்த வகுப்பில் உட்காரலாமா, கூடாதா? கூடாது என்றால், ஏன் என்று சொல்லுங்கள்.